அண்ணனுக்கென்று வைத்த காலை

வெர்னாவின் குரலுக்கு வராத ஆண் மூஸ் கெரிகன் ஏரிப் பக்கம் கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பாராட்டா கேலியா என்பது சொல்கிறவரைப் பொறுத்தது.

மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை வாயருகே குவித்து, அவள் ஒரு நீண்ட முனகலை எடுப்பாள். துணையில்லாத பெண் மூஸ் ஒன்று தண்ணீரோரம் நிற்பதாகக் காடு அப்படியே நம்பிவிடும். பிறகு தகர டப்பாவில் ஏரித் தண்ணீரை மொண்டு, இடுப்புயரத்திலிருந்து மெல்ல ஊற்றுவாள். பெண் விலங்கு சிறுநீர் விடும் சத்தம் அது. அக்டோபர் தொடக்கத்தில், இணை தேடும் நாட்களில், குதிரையைவிட உயரமான அந்த மான்கள் முறம்போல் விரிந்த கொம்புகளைப் புதரில் உரசிக்கொண்டு அந்தச் சத்தத்தைத் தேடி வரும்.

அவளுடைய அண்ணன் ராய்ஸ் அவளை 'பசு' என்றுதான் கூப்பிடுவான். அவளுடைய திருமண விருந்தில்கூட, "எங்க வீட்டுப் பசுவைப் பத்திரமாப் பாத்துக்கப்பா, ஆன்செல். கத்தினா காடே வந்து நிக்கும்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்த் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

அண்ணனும் தங்கையும் வேட்டைக்குப் போகும்போது இடங்கள் மாறுவதில்லை. ஏரிக்குள் நீண்டிருக்கும் பாறை முனையில் அவள் நின்று கூப்பிடுவாள். காற்று போகும் திசையில், ஓடை ஏரியில் கலக்கிற இடத்து வில்லோ புதருக்குள் அவன் உட்கார்ந்திருப்பான். ஆண் மூஸ் நேராக வராது. சுற்றி வந்து, கூப்பிட்டது யார் என்று முதலில் மோந்து பார்க்கும். அப்படிச் சுற்றி வரும்போது அவன் முன்னால் வந்து நிற்கும். ராய்ஸ் ஒரே ஒரு விதி வைத்திருந்தான். வெர்னா கையை இறக்கித் தரையில் உட்காரும்வரை அவன் விசையைத் தொட மாட்டான். குண்டு தவறி அவள் பக்கம் போய்விடக் கூடாது. விலங்கு எவ்வளவு நெருங்கி வந்தாலும், எவ்வளவு அழகாகப் பக்கவாட்டில் நின்றாலும், தங்கை உட்கார்ந்த பிறகுதான். கிடைத்த கறியில் பாதி எப்போதும் அவளுக்கு.

கல்யாணத்துக்குப் பிறகும் சில வருடங்கள் இது நடந்தது. ஆன்செல் வெளிநாட்டுக்காரர்களுக்கு வேட்டை முகாம் நடத்துகிறவன். ஏரியின் கிழக்குக் கரையில் மரக்குடில்கள், குதிரைகள், படகுகள். அவனுடைய விருந்தினர்களுக்கும் வெர்னாதான் கூப்பிட்டாள். அப்போது விலங்குகளுக்குப் பஞ்சமில்லை. யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை.

பிறகு வண்டு விழுந்து பைன் மரங்கள் சிவந்து செத்தன. செத்த மரங்களை வெட்டியெடுக்க மலை முழுவதும் சாலை போட்டார்கள். ஓநாய்களுக்கு அந்தச் சாலைகள் வசதியாகப் போயின. மூஸ்கள் குறைந்தன. இருப்பதை யாருக்கு எவ்வளவு என்று அரசாங்கம் பங்கு பிரித்தது. முகாம் நடத்துகிறவர்களுக்கு இத்தனை என்று சில ஆண்டுகளுக்கு முன்கூட்டியே ஒதுக்கீடு. உள்ளூர்க்காரர்களுக்கு வேட்டைச் சீட்டுக்குக் குலுக்கல். விண்ணப்பம் போட்டுவிட்டு, பேர் விழுகிறதா என்று கோடை முழுக்கக் காத்திருக்க வேண்டும். ராய்ஸுக்கு வருடக்கணக்காக விழவே இல்லை. மரமில்லில் வேலை பார்த்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிற வீடு அது. குளிர்காலம் முழுக்கக் கறி உறைபெட்டியிலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பெட்டியில் இப்போது ரொட்டியும் பட்டாணியும் கிடந்தன.

போன வசந்தத்தில் ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். அதிகாரி ஒருவர் வண்ண வண்ணமாக வரைபடம் காட்டினார். ராய்ஸ் எழுந்தான். இந்த வருஷம் எந்த மூஸ் ம்யூனிக்குக்குப் போகும் என்று தன் மச்சானுக்கு இப்பவே தெரியும், தன் பிள்ளைகள் என்ன சாப்பிடும் என்பதுதான் தனக்குத் தெரியாது என்றான். மன்றம் கைதட்டியது. ஆன்செல் காது சிவக்கத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். குதிரைகளுக்குத் தீவனம், குடில்களுக்கான வங்கிக் கடன், விருந்தினர் வராத வருடத்தில் அவன் தூங்காமல் கிடந்த இரவுகள் எல்லாம் வெர்னாவுக்கு மட்டுமே தெரியும். அவள் எழுந்துவிட்டாள்.

"உனக்குச் சீட்டு விழலைன்னா அதுக்கு என் வீட்டுக்காரன் என்ன பண்ணுவான்? வந்து சாப்பிடுன்னு கூப்பிட்டா வர மாட்டேங்குற. ஊரைக் கூட்டிப் பிச்சை கேக்குற."

கடைசி வரிசையில், அந்த மலைக்கு முதல் சொந்தக்காரர்களான பழங்குடிகளின் ஊரிலிருந்து வந்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், "தட்டு யாருதுன்னு ரெண்டு குடும்பம் சண்டை போடுது, பானை யாருதுன்னு யாருமே கேக்கலையே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ராய்ஸ் சிரிக்கவில்லை. பிச்சை என்ற சொல் அவன் முகத்தில் அப்படியே தங்கிவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. கடையில் எதிரே வந்தால் அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடுவான். கோடையில் பிறந்தநாள் கேக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணி டெல்ஃபீன்தான் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டாள். அவன் வீட்டுக்குள்ளேதான் இருந்தான். வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் குலுக்கலில் ராய்ஸுக்குப் பேர் விழுந்தது. கெரிகன் ஏரி, ஒரு ஆண் மூஸ். செய்தி தெரிந்ததும் வெர்னா சமையலறையில் நின்று அழுதாள்.  ஒரு வழி திறந்துவிட்டது என்று தோன்றியது. மன்னிப்பைச் சொல்லாக எடுத்துக்கொண்டு போனால் அவன் கதவைத் திறக்க மாட்டான். குரலாக எடுத்துக்கொண்டு போகலாம்.

டெல்ஃபீனைத் தபால் நிலையத்தில் பிடித்தாள். முகாமில் இருந்த ஜெர்மன் விருந்தினரை ஏற்றிப்போகச் சனிக்கிழமை மாலை விமானம் வரும் என்றாள்.

"பிளேன் அவரை ஏத்திக்கிட்டுப் போனதும், மறுநாள் விடியக்காலைல நான் முனையில நிப்பேன். அவனுக்காகக் கூப்பிடுறேன். என்கூடப் பேசவே வேணாம், வழக்கமான இடத்துல வந்து உக்காந்தாப் போதும்னு சொல்லு."

"சொல்றேன். ஆனா உங்க ரெண்டு பேருக்கும் தலைக்குப் பதிலாப் பாறாங்கல்லு வச்சிருக்கு" என்றாள் டெல்ஃபீன்.

இரண்டு நாள் கழித்து அவளே தொலைபேசியில் அழைத்தாள். சொன்னதற்கு அவன் ஒன்றும் பதில் பேசவில்லையாம். "ஆனா தோணியை வண்டி மேல ஏத்திக் கட்டிட்டான்" என்றாள். வெர்னா அன்று முழுவதும் முணுமுணுவென்று பாடிக்கொண்டே வேலை செய்தாள்.

ஜெர்மன் விருந்தினரின் பெயர் ஊவே. ம்யூனிக்கில் பேக்கரி வைத்திருந்தவர். முகாம் அடுப்பில் தினமும் அவரே ரொட்டி சுட்டு எல்லோருக்கும் கொடுத்தார். குதிரைகளுக்குக்கூட ஓரத்தைப் பிய்த்துப் போடுவார். வாழ்நாளில் ஒரு மூஸ் என்று ஆசைப்பட்டு வந்த மனிதருக்கு வாரம் முழுவதும் மழையும் காற்றும்தான் கிடைத்தன. காற்றில் வெர்னாவின் குரல் கரையைத் தாண்டவில்லை.

சனிக்கிழமை மாலை விமானம் வந்து தண்ணீரில் இறங்கியது. அதில் ஊவேயோடு வந்திருந்த அவர் மனைவி மட்டும் ஏறினாள். அவளுக்குக் காய்ச்சல், நகரத்து விடுதியில் படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். மாலையிலிருந்தே காற்று அடங்கியிருந்தது. வானம் தெளிந்துகொண்டிருந்தது. ஊவே படகுத்துறையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, இன்னும் ஒரே ஒரு காலை இருந்துபார்க்கலாமா என்று ஆன்செலைக் கேட்டார். ஆன்செலால் மறுக்க முடியவில்லை. வெறும் கையோடு திரும்பிப் போகிற விருந்தினர் அடுத்த வருடம் நாலு பேரை அனுப்ப மாட்டார்.

விமானம் கிளம்பி மலைக்கு அப்பால் போய் மறைவதை வெர்னா பார்த்துக்கொண்டே நின்றாள். சத்தம் ஏரி முழுக்கக் கேட்டிருக்கும்.

குடிலுக்குள் போனதும், நாளைக் காலை அண்ணனுக்கென்று வாக்குக் கொடுத்தது என்று கணவனிடம் சொன்னாள். பிளேன் போனது அவனுக்குக் கேட்டிருக்கும், நாளைக்கு வந்துவிடுவான் என்றாள்.

"அவன் இங்க இல்லம்மா. வடக்குச் சதுப்பு ரோட்டுல அவன் வண்டியை மத்தியானம் நானே பார்த்தேன்" என்றான் ஆன்செல். "ஒரே ஒரு காலை. அது முடிஞ்சதும் அவன் சீட்டு தீருற வரைக்கும் நீ அவனுக்கே கூப்பிடு. நான் வாயே திறக்க மாட்டேன்."

படகை எடுத்துக்கொண்டு, அவன் வழக்கமாகக் கூடாரம் போடும் மேற்குக் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று அவள் யோசித்தாள். இருட்டிக்கொண்டிருந்தது. காலையில் சீக்கிரம் எழ வேண்டும். அந்த வண்டி வடக்கே நின்றது என்பதை நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

விடியும்போது ஏரி மேல் மூடுபனி படுத்திருந்தது. வெர்னா முனையின் நுனிப் பாறையில் நின்றாள். அவளுக்குப் பின்னால், விழுந்த மரங்களை அடுக்கிய மறைவுக்குள் ஊவேயும் ஆன்செலும் இருந்தார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அவள் ஒருத்தி மட்டுமே நிற்பதாகத் தெரியும்.

முதல் முனகலுக்கே பதில் வந்தது. ஓடைக்கு அப்பால், கிணற்றுக்குள்ளிருந்து இருமுவதுபோல் ஓர் உறுமல். ஊவே மூச்சை உள்ளே இழுப்பது அவளுக்குக் கேட்டது. அவள் தண்ணீரை ஊற்றினாள். பொறுத்திருந்தாள். மீண்டும் கூப்பிட்டாள், இம்முறை மெல்ல, கொஞ்சம் கெஞ்சலாக. கிளைகள் முறியும் ஓசை கரையோரமாக நகர்ந்து, காற்று போகும் திசைக்குச் சுற்றிக்கொண்டு வந்தது.

ஓடை வாயில் இருந்த மணல்திட்டில் அது பனியை விலக்கிக்கொண்டு வெளிவந்தது. பெரிய காளை மூஸ். கொம்பில் பிய்த்துக்கொண்டு வந்த புல் தொங்கியது. தலையைத் தூக்கி, பக்கவாட்டில் திரும்பி, அவளைப் பார்த்து நின்றது. வெகுநேரம் நின்றது. இவ்வளவு நேரம் நிற்கிறதே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. ஊவே குறி பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும், ஆன்செல் அவரை அவசரப்படுத்தவில்லை. வெர்னா கையை வாயிலிருந்து எடுக்காமலே நின்றுகொண்டிருந்தாள். விருந்தினர் அவளுக்குப் பின்னால் ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் இருந்தார், குண்டு அவள் பக்கம் வராது, அவள் உட்கார வேண்டிய தேவை இல்லை.

வெடி வெடித்தது. காளை இரண்டடி எடுத்து வைத்து முழங்கால் மடிந்து தண்ணீருக்குள் சரிந்தது.

ஊவே அழுதுகொண்டே ஆன்செலைக் கட்டிப்பிடித்தார். வெர்னாவும் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு திரும்பினாள். ஓடை வாயின் வில்லோ புதர் அசைந்து, உள்ளேயிருந்து ஒரு மனிதன் எழுந்து நின்றான்.

காளை நின்ற இடத்துக்கும் அவன் எழுந்த இடத்துக்கும் நடுவே கல்லெறி தூரம்கூட இல்லை. ஆன்செலின் முகம் வெளுத்துப்போனது. "கடவுளே, அங்க ஆள் இருந்திருக்கு" என்றான். வெர்னா பாறையிலிருந்து இறங்கினாள். அந்த நிற்கும் விதத்தை அவளுக்கு எங்கே பார்த்தாலும் தெரியும்.

ஏரியில் வெடிச்சத்தம் கேட்டால், கேட்டவன் கத்தியும் கயிறும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. சுட்டவன் பகையாளியாக இருந்தாலும் வர வேண்டும். அவ்வளவு பெரிய உடலை ஓரிருவரால் தூக்க முடியாது. சீக்கிரம் தோலுரித்து ஆறவைக்காவிட்டால் கறி கெட்டுவிடும், கறியைக் கெடவிடுவதைவிடப் பெரிய பாவம் அங்கே கிடையாது.

ராய்ஸ் துப்பாக்கியிலிருந்து குண்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியைத் தோணிக்குள் வைத்துவிட்டு, கத்தியோடு வந்தான். முழங்கால்வரை நீரில் இறங்கி, காளையின் கொம்பில் கயிறு போட்டான். "இழுங்க" என்றான். 

நால்வரும் சேர்ந்து கரைக்கு இழுத்தார்கள். ஊவே அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் ஊர் மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று தடுமாறிய ஆங்கிலத்தில் சொன்னார். பையிலிருந்து ரொட்டி எடுத்துக் கொடுத்தார். ராய்ஸ் வாங்கித் தின்றான். அந்த மனிதர் மேல் அவனுக்குக் கோபம் இல்லை என்பது வெர்னாவுக்குத் தெரிந்தது. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அண்ணனும் தங்கையும் எதிரெதிரே மண்டியிட்டுத் தோலுரித்தார்கள். அவன் கத்தி எங்கே போகும் என்று அவள் கைக்குத் தெரியும். அவன் காலைத் தூக்கிப் பிடித்தால் அவள் வெட்டினாள், அவள் தோலை இழுத்தால் அவன் சீவினான். ஒருவரையொருவர் பார்க்காமலே கைகள் பழைய வேலையைப் பழையபடி செய்துகொண்டிருந்தன. சூரியன் மேலேறிப் பனி கலைந்தது. பின்னங்காலை முதுகில் கட்டிக்கொண்டு அவன் படகுவரை சதுப்பில் நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி சுமந்தான். ஆன்செலைவிட ஒரு சுமை அதிகமாகவே சுமந்தான்.

எல்லாம் ஏற்றி முடிந்ததும் ஆன்செல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவன் அருகே போனான். கொம்பும் தலைத்தோலும்தான் ஊவேக்கு வேண்டும், கறி முழுவதையும் நீயே எடுத்துக்கொண்டு போ என்றான். நீ வடக்கே இருப்பதாக நினைத்தேன், வண்டியைப் பார்த்தேன் என்றும் சொன்னான்.

"இந்தப் பக்கத்து ரோடு சேறு. வண்டியை அங்க விட்டுட்டுத் தோணியில வந்தேன்" என்றான் ராய்ஸ். "கறி வேணாம். கறி கடையிலயும் கிடைக்கும்."

ஆன்செல் வெர்னாவைப் பார்த்தான். பிறகு ஊவேயை அழைத்துக்கொண்டு படகுப் பக்கம் போய்விட்டான்.

ராய்ஸ் குனிந்து மணலில் கையைத் தேய்த்து இரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"அவரு ஒரு காலை இருந்துக்கிறேன்னு கேட்டாரு. நீ வந்திருக்கேன்னு எனக்குத் தெரியாது, ராய்ஸ். சத்தியமாத் தெரியாது."

"தெரியும். நீ தெரிஞ்சு செய்ய மாட்ட."

"அப்புறம் ஏன் இப்படி இருக்க?"

 அவன் கத்தியைத் துடைத்து உறையில் போட்டான்.

"அது என் முன்னால நின்னுச்சு, வெர்னா. தலையைத் தூக்கிக்கிட்டு, நீ சொல்லி அனுப்பின மாதிரி நின்னுச்சு. துப்பாக்கியோட தூரக்கண்ணாடியில அது ரோமம் நனைஞ்சிருக்கிறதுகூடத் தெரிஞ்சுது. நீ உக்காருவேன்னு காத்திருந்தேன்."

ஓடைத் தண்ணீர் மணல்திட்டின் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருந்தது.

"ஏன் இன்னும் நிக்கிறா, கால் மரத்துப்போச்சா, என்மேல கோபமான்னு எல்லாம் நெனச்சேன். ஒரு நிமிஷம் சுட்டுடலாமான்னுகூடத் தோணுச்சு. அப்புறம், சே, பிள்ளை நிக்கிறாளேன்னு விரலை எடுத்துட்டேன்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். நாளைக்கு வருகிறேன், நாளை மறுநாளும் வருகிறேன், சீட்டு தீருகிறவரை யாருக்கும் கூப்பிட மாட்டேன், உனக்கு மட்டும்தான் என்றாள். வசந்தத்தில் மன்றத்தில் சொன்ன அந்த வார்த்தைக்கும் சேர்த்து மன்னித்துக்கொள் என்றாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கையில் ஒட்டியிருந்த உரோமத்தை எடுத்துப் போட்டான், சின்ன வயதில் அவள் சட்டையிலிருந்து முள் எடுத்ததுபோல.

"அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு. கோபம் இருந்தா வந்திருப்பேனா? ஆனா இனிமே நீ கூப்பிட்டா, யாருக்காகக் கூப்பிடுறேன்னு நான் யோசிப்பேன். யோசிச்சுக்கிட்டு ஒருத்தன் அந்தப் புதருக்குள்ள உக்கார முடியாது."

எழுந்து தோணியைத் தள்ளினான். அவள் நீருக்குள் கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். துடுப்பு இரண்டு பக்கமும் மாறி மாறி விழுந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆன்செல் எழுவதற்கு முன்பே வெர்னா படகை எடுத்துக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனாள். அவன் கூடாரம் போட்டிருந்த இடம் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. புல் படுத்திருந்தது. நெருப்பு மூட்டிய கற்களைத் தொட்டாள், சில்லென்று இருந்தன. சீட்டுக்கு இன்னும் நாட்கள் இருந்தன. அவன் போய்விட்டிருந்தான்.

அப்படியும் அவள் முனைக்கு வந்தாள். ஒருவேளை ஓடை வழியாக நடந்து வருவானோ என்று ஓர் ஆசை. மூக்கைப் பிடித்துக் கூப்பிட்டாள். குரல் தண்ணீர் மேல் போய், எதிர் மலையில் தட்டி, மெலிந்து திரும்பி வந்தது. நன்றாக வெளிச்சம் வரும்வரை கூப்பிட்டாள். வில்லோ புதர் அசையவில்லை.

பிறகு வேறொரு காளை வந்தது. இளையது, கொம்பு அவ்வளவு விரியவில்லை. அதே மணல்திட்டில் இறங்கி, முந்தைய நாள் இரத்தம் விழுந்த இடத்தை மோந்து பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்து நின்றது. ராய்ஸின் பிள்ளைகளுக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் போதும். ஆன்செலின் ஒதுக்கீட்டில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அதற்கான விருந்தினர் புதன்கிழமை வருகிறார்.

வெர்னா கையை இறக்கினாள்.

"போ" என்றாள், தன் சொந்தக் குரலில். "போயிடு. இங்க நிக்காத."

மனிதக் குரல் கேட்டதும் காளை திடுக்கிட்டுத் திரும்பியது. மரங்களுக்குள் அது ஓடும் சத்தம் மலை ஏறி அடங்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குடிலுக்குத் திரும்பியபோது ஆன்செல் காபி போட்டு வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கோப்பையை அவள் கையில் கொடுத்து, தோளில் ஒரு போர்வையைப் போர்த்தினான். அவன் நல்லவன்தான். அவள் காபியைக் குடித்து முடித்த பிறகுதான் கேட்டான்.

"ஏதாவது வந்துச்சா?"

"இல்ல" என்றாள் வெர்னா.